சேலை எங்கே என்று கேட்டவன் எழுதுகிறேன்

ஜெயசீலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கமாக, இங்கு எல்லோரும் சுகம், உன் சுகமறிய ஆவல் என்று தொடங்குவேன். இன்றைக்கு அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. உன் அம்மா சுகம். எனக்குக் கோபம். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இப்போது மூன்றாவது முறையாக உட்கார்ந்திருக்கிறேன். இதை நீ உன் அறையில் தனியாகப் படித்தாலும் சரி, உன் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தாலும் சரி. போன மாதத்தோடு தந்தி ஆபீசுக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது. இதைப் படித்துவிட்டு யாராவது என் பென்ஷனை நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்தட்டும். முப்பத்தைந்து வருடம் பயந்தது போதும்.

நீ என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கே ஒரு முறை சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆலந்தலையில் வள்ளம் கவிழ்ந்து ஐந்து மீனவர்கள் போன செய்தி உன் மேசைக்கு வந்தது. நிருபர் ஒரு முழுப் பக்கம் அனுப்பியிருந்தார். நீ அதை நான்கு வரியாக்கினாய். ஐந்து பேரின் பெயரையும் வெட்டினாய். சென்னையில் காப்பி குடித்துக்கொண்டு பேப்பர் படிக்கிறவனுக்கு அந்தப் பெயர்களால் என்ன பிரயோசனம் என்று உனக்கே தோன்றியதாம். மூத்த உதவி ஆசிரியர் உன் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அதே நாளில் மாலைத்தாள்காரன் தலைவிரிகோலமாக அழும் புதுப்பெண்ணின் படத்தை நான்கு பத்தி அகலத்துக்குப் போட்டு, 'தாலியை விழுங்கிய கடல்' என்று தலைப்பும் வைத்தான் என்று சிரித்திருந்தாய். அதோடு விட்டாயா? "எஸ்தர் அத்தைக்கு நடந்தது எங்கள் பத்திரிகையில் ஒரு நாளும் நடக்காது அப்பா, அதற்காகத்தான் நான் இங்கே சேர்ந்தேன்" என்று முடித்திருந்தாய்.

இரண்டு பேப்பரையும் நான் தேடிப் படித்தேன். உங்கள் பத்திரிகை இரண்டு கையையும் நீட்டி விரிக்க வேண்டிய பெரிய பத்திரிகை. அதில் ஒன்பதாம் பக்கத்தில், ஒரு டயர் விளம்பரத்துக்குக் கீழே, உன் நான்கு வரி கிடந்தது. ஐந்து மீனவர்கள் மூழ்கியதாக அஞ்சப்படுகிறது. தேடுதல் தொடர்கிறது. முடிந்தது கதை. மாலைத்தாளை நம் தெருமுனை சலூனில் ஒருவர் உரக்க வாசிக்க, முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதில் அந்தப் புதுப்பெண் எத்தனை நாள் வாழ்ந்தாள், என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள், எப்படி மார்பில் அடித்துக்கொண்டாள் எல்லாம் இருந்தது. அவள் புருஷன் பெயர் மட்டும் இருந்தது. மற்ற நாலு பேரின் மனைவிமார் வயதானவர்களோ என்னவோ, படத்துக்கு எடுபடவில்லை போலும், பெயரும் இல்லை. உங்கள் பத்திரிகையைப் படித்தால் கடலில் போனது 'ஐந்து'. அவர்கள் பத்திரிகையைப் படித்தால் போனது ஒரு தாலி. ஆள் எங்கேடா? ஐந்து ஆள் எங்கே? இதில் நீ உசத்தி, அவன் மட்டம் என்று எனக்குக் கடிதம் வேறு எழுதுகிறாய்.

உன் அத்தை விஷயத்தில் உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். அப்போது நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்து புகுமுக வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது அத்தையின் கல்யாணம் நின்று போயிருந்தது. மாலைத்தாள் கெடுத்தது, பெரிய பத்திரிகை நிருபர் நாலு வரியோடு கைகழுவிவிட்டார் என்று நான் சொன்னேன். நீ நம்பினாய். அதில் பாதிதான் உண்மை. மீதியை இன்றைக்குச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேள். கடிதத்தில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

மாசி மாதத்துச் சனிக்கிழமை அது. எஸ்தரும் இன்னொரு பெரிய டீச்சரும் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவுக்கு வள்ளத்தில் போனார்கள். பிள்ளைகள் எல்லாம் பாவாடை சட்டை போடுகிற வயது. வள்ளத்துக்காரர் ஒருவர், அவரோடு சூசை என்று ஒருவன். சூசைக்கு இருபத்தைந்து வயது இருக்கும், கல்யாணமாகி ஒரு பிள்ளை உண்டு. சாயங்காலம் திரும்பும்போது பாய்மரம் ஒடிந்து வள்ளத்துக்காரர் தலையில் விழுந்தது. பாய் கடலோடு போயிற்று. கரையில் இருந்து வீசும் கச்சான் காற்று வள்ளத்தை வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டது. ராத்திரி முழுக்க அவர்கள் எங்கே கிடந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அம்மா கோவிலுக்குப் போய் முழங்காலில் நின்றாள். நான் கடற்கரையில் நின்றேன். அன்றைக்குத்தான் கோவிலில் எஸ்தரின் கல்யாண அறிவிப்பை, மூன்று ஓலையில் இரண்டாம் ஓலையை, வாசிக்க வேண்டிய நாள். கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரி ஐயர் சபையைப் பார்த்துக் கேட்ட நேரத்தில் பெண் நடுக்கடலில் இருந்தாள்.

பத்து மணிக்கு மேல் கிழக்கே இருந்து கொண்டல் காற்று எழும்பியிருக்கிறது. கரைக்குத் தள்ளும் காற்று. ஆனால் பிடிக்கப் பாய் இல்லை. வள்ளத்துக்காரர் நினைவில்லாமல் கிடக்கிறார், பெரிய டீச்சர் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கிறார். சூசை, "ஒரு பாய் அளவுக்குத் துணி இருந்தா போதும் டீச்சர், கரை சேந்துரலாம். இந்தக் காத்தை விட்டா பெறவு இல்ல" என்று சொல்லியிருக்கிறான். உன் அத்தை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கட்டியிருந்த கைத்தறிச் சேலையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். அவன் துடுப்பை நிமிர்த்திக் கட்டி அதில் சேலையை விரித்தான். தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கோவணத்தோடு நின்று வள்ளத்தை ஓட்டினான். அந்தச் சேலை அவர்களைப் பாதி தூரம் கொண்டுவந்தது. மீதி தூரத்துக்குத் தோணிகளை இழுக்கும் லாஞ்ச் ஒன்று பார்த்துக் கயிறு போட்டது. பத்துப் பெண்பிள்ளைகளும் உயிரோடு வந்தார்கள். வள்ளத்துக்காரரும் பிழைத்தார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். கரையில் நின்ற எனக்குத் தெரிந்தது என்ன? லாஞ்சில் இருந்து என் தங்கை இறங்குகிறாள். மேலே ரவிக்கை, கீழே ஆம்பிளை சாரம். கூட்டம் பார்க்கிறது. ராத்திரி முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்து வந்தவளைப் பார்த்து, உயிரோடு வந்தாயே தாயே என்று ஒரு வார்த்தை சொல்லாமல், "ஏளா, சேலை எங்க?" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பின்னால் கையைக் காட்டினாள். லாஞ்சுக்குப் பின்னால் கயிற்றில் வந்த வள்ளத்தில், துடுப்பு நுனியில், நீலக்கட்டம் போட்ட அவள் சேலை கிழிந்து பறந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை. என் கண்ணுக்கு முன்னால்தான் பறந்தது. நான் பார்க்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

நான் கத்தியதைக் கேட்டவர்களில் பேப்பர் ஏஜெண்ட் முத்தையாவும் ஒருவர். பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடை வைத்திருந்தாரே, அவர்தான். மாலைத்தாளுக்கு நிருபரும் அவரே, ஏஜெண்டும் அவரே. எத்தனை பேப்பர் கூட விற்கும் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் செய்தி கொடுப்பார். எஸ்தரை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானம் நான் டியூட்டிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை. நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முத்தையா டிரங்க் கால் பேச வந்தார். பூத்துக்குள் நின்று அவர் கத்தியது ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "ஆமா அண்ணாச்சி, சேலை இல்லாமத்தான். படகுக்காரன் சாரத்தைக் கட்டிட்டு வந்து இறங்குதா. ராத்திரி பூரா கடல்லதான். எதுக்கு அவுத்தாளா? அது நமக்கு எதுக்கு அண்ணாச்சி? அண்ணங்காரன் கரையில நின்னு சேலை எங்கன்னு கதறுதான், அதைத் தலைப்புல போடுங்க."

எதுக்கு அவுத்தா என்பது நமக்கு எதுக்கு. இந்த ஒரு வரியை எழுதி உன் மேசைக்கு மேலே ஒட்டி வை. அந்த மாலைத்தாள் மறுநாள் எழுதியதில் ஒரு பொய் கிடையாது, ஜெயசீலா. நானே பத்து முறை படித்துத் தேடினேன். சேலை இல்லாமல் வந்தாள், உண்மை. அவன் சாரத்தைக் கட்டியிருந்தாள், உண்மை. இரவு முழுவதும் கடலில், உண்மை. 'சேலை எங்கே? அண்ணன் கதறல்!' என்று முக்கால் பக்கத்துக்குத் தலைப்புப் போட்டார்களே, அதுவும் என் வாயில் இருந்து வந்தது, உண்மை. காரணத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். பொய் எழுதியிருந்தால் மறுத்திருக்கலாம், கேஸ் போட்டிருக்கலாம். உண்மையை இப்படிப் பிய்த்துப் போட்டவனை என்ன செய்வது?

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது உன் அம்மாவுக்கும் தெரியாது. முத்தையா போன பிறகு வக்கீல் அய்யா வந்தார். பெரிய இங்கிலீஷ் பத்திரிகைக்கு அவர்தான் நிருபர். கோர்ட் இல்லாத நேரத்தில் எழுதுவார், அதில் அவருக்குப் பெரிய வருமானம் எதுவும் இல்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கார்பன் வைத்து எழுதிய இரண்டு பிரதி. ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். அன்றைக்கும் அப்படித்தான். என்னிடம் தந்தி ஃபாரத்தை நீட்டிவிட்டு, "ஒங்க தங்கச்சியைப் பெத்த வயிறு குளிரணும். எட்டுப் பிள்ளைகள் வீட்டுலயும் போயி விசாரிச்சுட்டுத்தான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தந்தியில் எழுபத்தோரு சொற்கள். இன்ன வள்ளம், இத்தனை பேர், லாஞ்ச் மீட்டது என்று முதலில் செய்தி. அப்புறம் இப்படி: ஆசிரியை எஸ்தர் தன் சேலையையே பாயாகக் கட்டக் கொடுத்தார், அந்தப் பாயினால்தான் வள்ளம் கரையை நெருங்கியது, எட்டுக் குழந்தைகளின் பெற்றோரும் அவருக்குக் கண்ணீரோடு நன்றி சொன்னார்கள்.

அதை அப்படியே அனுப்புவதுதான் என் வேலை. கொடுத்த தந்தியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. அது சட்டம். நான் என்ன செய்தேன் தெரியுமா? முத்தையாவின் சத்தம் இன்னும் என் காதில் இருந்தது. சேலை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பேப்பரைப் போஸ்ட்மாஸ்டர் படிப்பார், ஐயர் படிப்பார், மாப்பிள்ளையின் தகப்பனார் படிப்பார். குடும்பத்துப் பெண்ணின் பெயரும் சேலையும் இங்கிலீஷ் பேப்பரில் வருவதா? மாலைத்தாளை என்னால் தடுக்க முடியவில்லை. இதையாவது தடுக்கலாமே என்று நினைத்தேன். எஸ்தர் என்ற பெயர் தொடங்கும் இடத்தில் இருந்து கடைசி வரை விட்டுவிட்டு, மேலே இருந்ததை மட்டும் அனுப்பினேன்.

கை தவறி நடந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. தந்தியின் தலைப்பிலேயே இத்தனை சொல் என்று எண்ணிக்கை போகும். அந்தப் பக்கம் வாங்குகிறவன் எண்ணிப் பார்ப்பான். குறைந்தால் உடனே கேட்பான். அதனால் நான் எழுபத்தொன்று என்பதை நாற்பத்து மூன்று என்று மாற்றி அனுப்பினேன். இருபத்தெட்டுச் சொற்கள். எண்ணித்தான் வெட்டினேன். வெட்டிவிட்டு, தங்கையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு டீயும் குடித்தேன்.

பெரிய பத்திரிகையில் நாலு வரி வந்தது. பள்ளிச் சிறுமிகள் உள்பட பன்னிரண்டு பேர் பத்திரமாக மீட்கப்பட்டனர். கண்ணியமான செய்தி. உனக்குப் பிடித்திருக்கும். ஒருவர் பெயரும் இல்லை. ஊர் என்ன செய்தது? கரையில் நின்று அந்தச் சேலை பறந்ததைக் கண்ணால் பார்த்தவனே, மறுநாள் மாலைத்தாளைப் படித்துவிட்டு, "ஓ, அப்படியா சங்கதி" என்றான். கண் பார்த்ததை அச்சு அழித்துவிடும். உனக்கு இது தெரியாவிட்டால் அந்த நாற்காலியில் உட்காராதே. சூசையை அவன் மைத்துனர்கள் அடித்தார்கள். அவன் பிறகு கொழும்புக்குப் போகும் தோணியில் ஏறிப் போனான் என்று கேள்வி. தன் துணியைக் கழற்றி என் தங்கைக்குக் கொடுத்தவனுக்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. எந்தப் பத்திரிகையும் சொல்லவில்லை.

அந்த வாரமே நாசரேத் பக்கத்தில் இருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். தினமும் இங்கிலீஷ் பேப்பரை முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறவர். மாலைத்தாளைத் தொடவே மாட்டேன், யாரோ தபாலில் அனுப்பியிருந்தார்கள் என்றார். நானும் உன் அம்மாவும் மாறி மாறி நடந்ததைச் சொன்னோம். எஸ்தர் கதவுக்குப் பின்னால் நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சாந்தமாகச் சொன்னார்: "நீங்க சொல்லுதது நெசமாவே இருக்கட்டும். ஆனா நான் பெரிய பேப்பரையும் பார்த்தேன் சார். அதுல சேலையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்படி ஒரு நல்ல காரியம் நடந்திருந்தா அவங்க போடாம இருப்பாங்களா? பொறுப்பான பேப்பர்லா?" அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எழுதியிருந்தது, நான்தான் வெட்டினேன், அந்தத் தந்தி ஃபாரம் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை போகும். கேஸும் வரும். நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். வக்கீல் அய்யாவைப் பழி சொன்னேன். அவர் ஒழுங்காக எழுதவில்லை, பெரிய மனிதர்களின் செய்தி என்றால் எழுதுவார், நம்மைப் போல் ஆட்களுக்கு நாலு வரி என்று வீட்டில் சொன்னேன். நீ அதைக் கேட்டுக் கேட்டு, தெருவில் அவர் எதிரே வந்தால் வணக்கம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாய். நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் தடுக்கவில்லை. போன வருடம் அவர் காலமானபோது துக்கத்துக்கும் நான் போகவில்லை.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் பஸ் ஏறித் திருச்செந்தூர் போய், அங்கிருந்து கடற்கரையோடு ஆலந்தலைக்கு நடந்தேன். நீ வெட்டிய பெயர்களை வாங்கத்தான் போனேன். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண், "நீங்க எந்தப் பேப்பர்?" என்று கேட்டாள். "எந்தப் பேப்பரும் இல்லம்மா. மகன் பேப்பர்ல இருக்கான்" என்றேன். "அப்ப அவர்கிட்டக் கேளுங்க. எங்க வீட்டுக்காரரு பேரை எந்தப் பேப்பர்லயும் காணலய. நிவாரணப் பணம் கேக்கப் போனா, பேப்பர்ல பேரு இருக்கான்னு ஆபீசுல கேக்காவ. ஒரு பேப்பர்ல அந்தப் புதுப்பொண்ணு புருஷன் பேரு மட்டும் இருக்கு, இன்னொண்ணுல அஞ்சுன்னு மட்டும் இருக்கு. எங்க ஆளு அந்த அஞ்சுல ஒண்ணுன்னு நான் யாரைக் கொண்டு சாட்சி சொல்ல?" என்றாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? என் மகன் கண்ணியமானவன், அதனால் உன் புருஷன் பெயரை வெட்டிவிட்டான் என்றா?

அங்கிருந்து நேரே சாத்தான்குளம் பஸ்ஸைப் பிடித்தேன். உன் அத்தை அந்தப் பக்கத்துப் பள்ளியில் வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. நான் இதுவரை இரண்டு முறைதான் போயிருக்கிறேன். கட்டுக் கட்டாகப் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்தொன்றையும் நாற்பத்து மூன்றையும் சொன்னேன். உன் கடிதத்தையும் சொன்னேன். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, சர்டிபிகேட் வைக்கும் கவரில் இருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். மங்கிப் போன கார்பன் பிரதி. வக்கீல் அய்யாவின் கையெழுத்து.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "பேப்பரைப் பார்த்துட்டு வக்கீல் அய்யா மெட்ராஸுக்குக் கோவமா எழுதியிருக்காவ. வந்த தந்தியே இவ்வளவுதான்னு அவங்க திருப்பி அனுப்பியிருக்காவ. அன்னைக்கு டியூட்டியில இருந்தது யாருன்னு அவருக்குத் தெரியும்லா? ரெண்டையும் கொண்டாந்து என்கிட்ட காட்டி, மேலிடத்துக்கு எழுதட்டுமா, எழுதுனா உன் பேரு சுத்தமாயிரும், உங்க அண்ணன் வேலை போயிரும், நீயே சொல்லும்மான்னு கேட்டாவ."

நான் அந்தத் தாளைக் கையில் எடுத்தேன்.

"நீங்க வேலை இல்லாம நின்னா சீலன் ஹாஸ்டல்ல இருந்து பெட்டியைத் தூக்கிட்டு வந்துருவான். வேண்டாம் அய்யா, அவன் படிக்கட்டும்னு சொல்லிட்டேன். அவரும் சாவுத வரைக்கும் வாயைத் திறக்கல."

"என்கிட்ட ஏன் கேக்கல எஸ்தரு?" என்றேன்.

"நீங்களா சொல்லுவீயன்னு பார்த்தேன். ஏழு வருஷமா பார்த்தேன். எனக்குக் கோவம் இல்லன்னு மட்டும் நெனைச்சிராதீய. சேலை எங்கன்னு கேட்டீயளே, அதுக்கு இல்ல. பதறிக் கேட்டீய, போட்டும். எண்ணிப் பார்த்து, கணக்கைத் திருத்தி, அனுப்புனீய பாருங்க, அதுக்குத்தான் கோவம். இன்னைக்கும் இருக்கு." பிறகு மறுபடியும் பேனாவைத் திறந்தாள். தாளைப் பார்த்தபடியே கேட்டாள்: "இப்ப சீலனும் வெட்ட ஆரம்பிச்சுட்டானாக்கும்?"

ஜெயசீலா, நீ யார் படிக்கவைத்துப் படித்தாய் என்று இப்போது தெரிந்ததா? நான் படிக்கவைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் அத்தை தன் பெயரை வெட்டினால் வெட்டட்டும் என்று விட்டதால் படித்தாய். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, முதல் வேலையாக ஐந்து பேரின் பெயரை வெட்டியிருக்கிறாய். மாலைத்தாள்காரன் கத்துகிறான், நாங்கள் கத்துவதில்லை என்கிறாய். கத்துகிறவன் ஒரு விதமாகக் கொல்கிறான், வாயை மூடிக்கொள்கிறவன் இன்னொரு விதமாகக் கொல்கிறான். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வெட்டும் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு உன் மேல் இவ்வளவு கோபம் வருகிறது.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று வக்கீல் அய்யாவின் கார்பன் பிரதி. அத்தைதான் உனக்கு அனுப்பச் சொன்னாள். நீ பத்திரிகைக்காரன், அதை என்ன செய்ய வேண்டும் என்று நீயே முடிவு செய். என் பெயரைப் போட வேண்டியிருந்தால் முழுப் பெயரையும் போடு. இரண்டாவது தாளில் நான் ஆலந்தலையில் எழுதிக்கொண்டு வந்தது இருக்கிறது. தாள் தொலைந்தாலும் இங்கே இருக்கட்டும் என்று மறுபடி எழுதுகிறேன்.

இன்னாசி மகன் மிக்கேல், வயது நாற்பது. சவரிமுத்து மகன் தொம்மை, வயது முப்பத்தாறு. தொம்மையின் தம்பி லாசர், வயது இருபத்தொன்பது. சிலுவை மகன் அந்தோணி, வயது இருபத்திரண்டு, படத்தில் அழுதவள் இவன் மனைவி. பிச்சை மகன் சந்தியாகு, வயது ஐம்பத்தைந்து. வாசலில் உட்கார்ந்து என்னிடம் கேட்டவள் சந்தியாகுவின் மனைவி.

எண்ணிப் பார், ஐந்து இருக்கும். ஐந்து பெயரும் வந்த பேப்பரை எனக்கு அனுப்பு. நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா